மாற்று ஆள் வரும்வரை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சுகமில்லாதவை சமையலறைக் குழாயும் அம்மாவின் முழங்காலும்தான். இரண்டும் ராப்பகலாக முனகிக்கொண்டிருக்கின்றன. நீ போய்ச் சேர்ந்ததையும், ரயில் யார்டுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் உனக்கு ஒரு கட்டில் கொடுத்திருப்பதையும் கண்ணாடி கார்டு வந்து சொன்னார். சரக்கு வண்டியில் கார்டாக உங்கள் யார்டுக்கும் எங்கள் நிலையத்துக்குமாக ஓடிக்கொண்டிருக்கும் மனிதர் அவர். இனிமேல் நமக்குத் தபால்காரரும் அவர்தான். தபால்பெட்டியில் போட்டால் ஆடி அசைந்து வரும். அவர் பையில் போட்டால் வண்டி ஓடுகிற வேகத்தில் வரும்.

உன்னை வழியனுப்ப நான் நிலையத்துக்கு வரவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். அன்று எனக்கு மாற்று ஆள் வரவில்லை. அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல். மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் சிக்னல் கேபினை விட்டு இறங்கக் கூடாது என்பது உனக்கும் இனிமேல் தெரிந்துவிடும். ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ போன வண்டிக்கு லீவரை இழுத்துப் பாதையைத் திருப்பியதும், சிக்னலை இறக்கியதும் நான்தான். ஜன்னலில் நின்று கை காட்டினேன். ஐயா மறுபக்கம் பார்த்துக்கொண்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தீர்கள்.

அம்மாவைத்தான் பிடிக்க முடியவில்லை. எதிர்வீட்டில் தொடங்கி மருந்துக்கடை வரை, என் பையன் ரயில்வேயில் சேர்ந்துட்டான் என்று சொல்லியாகிவிட்டது. ஒருத்தி, ஏன், உங்க பொண்ணும் ரயில்வேதானே என்று கேட்டிருக்கிறாள். அது கெடக்கு, அவ கம்பியை இழுக்கிறவ என்றாளாம் அம்மா. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. நான் குயில் குஞ்சு போலிருக்கிறது.

ரயில்வேயில் புதிதாகச் சேருகிறவனுக்கு நாலு வார்த்தை எழுதி அனுப்பு, என்னோடு சேர்ந்த பையன்களுக்கும் காட்டுகிறேன் என்று கேட்டிருந்தாய். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற வாயா எனக்கு? முதலில் ஷூ. கடையில் போட்டுப் பார்க்கும்போது அழகாக இருப்பதை வாங்காதே, காலுக்குப் பாரமாக இருப்பதை வாங்கு. கயிற்றின் நுனியை உள்ளே சொருகு. தண்டவாளத்தின் தலையில் கால் வைக்காதே, தாண்டிப் போ. பனி ஈரம் பட்ட இரும்பு பாசி பிடித்த படியைவிட மோசம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே சந்து இருக்கிறது என்று ஒருபோதும் நுழையாதே. நிற்கிற பெட்டி நிற்கவில்லை, இன்னும் யாரும் அதைத் தள்ளவில்லை, அவ்வளவுதான். ஓடாதே. யார்டில் ஓடுகிறவனைப் பார்த்தால் பழைய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏன் என்று பிறகு உனக்கே தெரியும்.

உன்னைக் கிண்டல் செய்வார்கள். அதற்கு ரோஷப்படாதே. நான் சேர்ந்த புதிதில், வளைந்த தண்டவாளத்தை நிமிர்த்துகிற எண்ணெய் வாங்கி வா என்று என்னை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஸ்டோர்காரர் சிரிக்காமல் ஒரு காலி டின்னைக் கொடுத்து, சிந்தாம கொண்டு போம்மா என்றார். நானும் சிந்தாமல் கொண்டு போனேன். உனக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், வாங்கிக்கொள்.

இனி எழுதப்போவதை மட்டும் இரண்டு முறை படி. உனக்குக் கிடைத்திருப்பது பழுது லைனில் வேலை. பழுதான பெட்டிகளைத் தனி லைனில் நிறுத்தி, அடியில் புகுந்து பிரேக் கட்டையையும் ஸ்பிரிங்கையும் பார்க்கிற வேலை. நீ அடியில் இருக்கும்போது அந்த லைனுக்குள் எஞ்சின் வரக் கூடாது. அதற்காகத்தான் லைன் பிரிகிற இடத்தில் பாயிண்டை வேறு பக்கம் திருப்பிப் பூட்டு போடுவார்கள். அடியில் எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை பூட்டு. ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி, அது அவரவர் சட்டைப் பையில். வேலை முடிந்து வெளியே வந்தவன் தன் பூட்டைத் தன் கையால் கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் பாயிண்ட் நகரும். இது சட்டப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. எங்கள் யார்டில் இதைச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதுபோலச் செய்கிறார்கள்.

உனக்கென்று ரயில்வே ஸ்டோரில் ஒரு பூட்டு வாங்கி கார்டிடம் கொடுத்திருக்கிறேன். எல்லாப் பூட்டும் ஒன்றுபோல இருக்குமே, அடையாளத்துக்கு ஏதாவது பூசலாமென்று தேடினேன். வீட்டில் இருந்தது வாலுவின் நகப்பூச்சு மட்டும்தான். ஆகவே உன் பூட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பெரிய பொட்டு இருக்கும். உன் மருமகள் மனமில்லாமல் கொடுத்தாள், மாமாவிடம் புது பாட்டில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். யார்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ரோஸ் பொட்டுப் பூட்டு தொங்கினால் அடியில் நீ இருக்கிறாய் என்று ஊருக்கே தெரியும்.

பசித்தால் சாப்பிடு, தூக்கம் வந்தால் தூங்கு, பயம் வந்தால் கேள். எங்கள் எல்லோருடைய நினைப்பும் உன் தலைமாட்டில் இருக்கட்டும்.

உன் அக்கா

&nbsp;

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டாவது முறை வாசி என்றாள், வாசித்தேன். உனக்கு வைத்த பட்டப்பெயர் ‘பொட்டு’ என்பதைக் கேட்டு வாலு உருண்டு புரண்டு சிரித்தாள். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஆகையால் அவளும் இப்போது கிண்டல் செய்யத் தகுந்த நிலையில்தான் இருக்கிறாள். குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. முழங்கால் அப்படியே இருக்கிறது.

எல்லோரும் உன்னை நன்றாக வைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்ததில் சந்தோஷம். உங்கள் மேஸ்திரி தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்தே உனக்கு முட்டை எடுத்து வைக்கிறார் என்பதும், பெட்டிக்கு அடியில் பாடிக்கொண்டே வேலை செய்கிற பாட்டுக்காரர் என்ற ஃபிட்டர் உனக்குத் தொழில் கற்றுத் தருகிறார் என்பதும் நல்ல செய்தி. இதுவரை வாசித்தபோது நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குக் கீழே நீ எழுதியிருந்த பகுதியை அம்மாவுக்கு வாசிக்கவில்லை.

உங்கள் யார்டில் ஒரு பொதுச்சாவி இருக்கிறது, எல்லாம் ஒரே ரகப் பூட்டு என்பதால் எல்லோருடைய பூட்டையும் அது திறக்கும், அதை என்னிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எவனாவது பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் வண்டி நின்றுபோகக் கூடாது என்பதற்காக மேஸ்திரியே செய்து வைத்தது என்கிறாய். போன வாரம் அப்படி ஒரு பூட்டை நீ திறந்ததால் வண்டி நேரத்துக்குப் புறப்பட்டது, மேஸ்திரி முதுகில் தட்டிக் கொடுத்தார், உன்னை மாதிரி சுறுசுறுப்பான பையன் இந்த யார்டுக்கு வந்ததே இல்லை என்றார். இடுப்பில் அந்தச் சாவி தொங்கும்போது பெரிய அதிகாரி மாதிரி இருக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறாய்.

தம்பி, நான் உன்னைத் திட்டப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவ்வளவு பெருமையான சாவி என்றால் அத்தனை பழைய ஆட்கள் இருக்க, நேற்று வந்த உன் இடுப்புக்கு அது ஏன் வந்தது? மேஸ்திரி இடுப்பில் ஏன் இல்லை? பாட்டுக்காரர் ஏன் வாங்கிக்கொள்ளவில்லை? நல்ல நாற்காலியை யாரும் புதிதாக வந்தவனுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. அதன் ஒரு கால் உடைந்திருந்தால்தான், உட்காருப்பா என்பார்கள்.

ஒரு பூட்டுக்கு ஒரே சாவி என்பதற்காகத்தான் அது பூட்டு. இரண்டாவது சாவி வந்த பிறகு அது வெறும் இரும்பு. நீ ரோஸ் பொட்டோடு மாட்டிவிட்டு அடியில் படுத்திருக்கும்போது, அந்தச் சாவி வேறொருவன் இடுப்பில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். இப்போது மற்றவர்கள் உன் இடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் அடியில் போகிறார்கள். மறந்துபோன பூட்டு என்று ஒன்று கிடையாது. ஆளைக் கண்டுபிடித்து, வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, அவன் கையால் கழற்ற வைக்கும்வரை, அந்தப் பூட்டுக்குக் கீழே ஓர் ஆள் இருக்கிறான் என்றுதான் கணக்கு. அதுவரை வண்டி நிற்கட்டும். எங்கள் யார்டில் நின்றிருக்கிறது. நிலைய அதிகாரி தலையில் அடித்துக்கொள்வார். தலையில் அடித்துக்கொண்டு யாரும் செத்ததில்லை.

அம்மாவுக்கு இந்தப் பேச்சே ஆகாது. வேலைக்குப் போன பிள்ளையைப் பற்றி அந்த மாதிரி வார்த்தை வாயில் வரக் கூடாது என்பாள். நெருப்பென்று சொன்னால் வாய் சுட்டுவிடாது. சொல்லாமல் விட்டால்தான் சுடும்.

ஆகவே, சாவியை மேஸ்திரியிடம் திருப்பிக் கொடு. மரியாதையாகவே கொடு. எனக்கு இன்னும் அனுபவம் போதாதுங்க, நீங்களே வச்சிக்கங்க என்று சொல். அக்கா திட்டுகிறாள் என்றும் சொல்லலாம், எனக்கு வருத்தமில்லை. உனக்கு முன்பு அந்தச் சாவி யாரிடம் இருந்தது, அவர் இப்போது எங்கே என்று பாட்டுக்காரரிடம் விசாரித்து எழுது. பதில் வரும்வரை எனக்கு லீவரைப் பிடிக்கிற கை இறுகிக்கொண்டே இருக்கும்.

நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் உனக்கு வாய்க்கட்டும்.

உன் அக்கா

&nbsp;

அன்புத் தம்பிக்கு,

இந்த முறை உன் கடிதம் மிகச் சின்னது. கோபத்தில் எழுதினால் உன் எழுத்து வலப்பக்கம் சாயும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

நிரந்தரம் ஆகும்வரை வாயைத் திறக்க முடியாது, சாவியைத் திருப்பிக் கொடுத்தால் மேஸ்திரியின் முகம் மாறிவிடும், முகம் மாறினால் என்னைப் பற்றி மேலே நல்ல வார்த்தை போகாது, ஊரோடு ஒத்து வாழ் என்று நீதானே சொல்வாய் என்று எழுதியிருக்கிறாய். சொன்னேன். ஊர் நேராகப் போகும்போது சொன்னது அது. உனக்கு முன்பு சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று மேஸ்திரி சொன்னதாகவும், பாட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் பாடுவதை நிறுத்திவிட்டு, விடு தம்பி, பழைய கதை என்றதாகவும் எழுதியிருக்கிறாய். பாடிக்கொண்டே இருக்கிற மனிதர் எதற்காகப் பாட்டை நிறுத்தினார் என்று உனக்குத் தோன்றவில்லையா?

எனக்குத் தோன்றியது. கண்ணாடி கார்டிடம் சொன்னேன். அவருக்கு லைன் நெடுகப் பழக்கம். ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். மாற்றலும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் யார்டுக்கு அடுத்த ஊரில் ஒரு ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ரயிலில் ஏறுவதே இல்லையாம், எங்கே போனாலும் பஸ்தானாம். வண்டி வருகிற சத்தம் கேட்டால் கடைக்குள் போய் முதுகைக் காட்டி நிற்கிறாராம். கார்டு பக்கத்தில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாகச் சாவியைப் பற்றி எடுத்திருக்கிறார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அது இப்ப யார்கிட்ட இருக்கு என்று மட்டும் கேட்டாராம். ஒரு சின்னப் பையன்கிட்ட என்றிருக்கிறார் கார்டு. உடனே எழுந்து, ஒட்டிக்கொண்டிருந்த டியூபை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு, பட்டப்பகலில் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டாராம்.

கார்டு இதைச் சொல்லிவிட்டு, என்னன்னு நமக்குத் தெரியாதும்மா, ஆனா எனக்கு நல்லாப் படல என்றார். எனக்கும் நன்றாகப் படவில்லை. வாலுவை ஒன்றுமில்லாததற்கு அடித்துவிட்டேன்.

வேலையை விட்டு வந்துவிடு என்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா, சீருடை போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, பெரிசாப் போட்டு மாட்டணும், எங்க மாட்டலாம்னு ஆணிகூட அடிச்சு வச்சிட்டேன் என்கிறாள். சுவரில் அந்த ஆணி என்னையே பார்க்கிறது. உனக்கும் இந்த வேலைக்காக எத்தனை வருஷம் அலைந்தாய் என்று தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே அதை எழுதவில்லை.

சரி. உன் வழிக்கே வருகிறேன். சாவியைத் திருப்பிக் கொடுக்க முடியாதென்றால், குறைந்தது இதையாவது செய். பூட்டுக்குச் சொந்தக்காரன் வெளியே வந்துவிட்டான் என்று யார் சொன்னாலும் நம்பாதே. மேஸ்திரி சொன்னாலும் நம்பாதே. நீயே போய், அந்த ஆளின் முகத்தை உன் கண்ணால் பார். முகத்தைப் பார்த்த பிறகு பூட்டைத் தொடு. முகத்தைப் பார்க்காமல் சாவியை இடுப்பிலிருந்து எடுக்காதே. இதை எனக்குச் சத்தியம் செய்து எழுது.

பாட்டுக்காரர் அடியில் இருந்தால் பாட்டு கேட்கும், அதனால் அவர் விஷயத்தில் பயமில்லை என்று எழுதியிருந்தாய். பாட்டையும் நம்பாதே. எஞ்சின் சத்தத்தில் பாட்டு கேட்காது. உன் பொட்டைப் பார்த்து அவரும் தன் பூட்டுக்கு மஞ்சள் பெயிண்ட் பூசிக்கொண்டார் என்று எழுதியிருந்தது மட்டும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. உன் பொட்டைப் பார்க்கும்வரை அவருக்கும் அடையாளம் என்று ஒன்று இல்லாமல் இருந்திருக்கிறதே. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று எழுதியிருந்தாய். என் வணக்கத்தைச் சொல். தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டதாகவும் சொல்.

வாலு உனக்குத் தன் விழுந்த பல்லை அனுப்புகிறேன் என்கிறாள். வேண்டாமென்று தடுத்திருக்கிறேன்.

கண் விழிப்பாக இரு. உன் கண்ணுக்குக் கெட்டது எதுவும் படாமல் இருக்கட்டும்.

உன் அக்கா

&nbsp;

என் தம்பிக்கு,

இந்தக் கடிதம் எந்த கார்டு கையிலிருந்து, எந்த டிரைவர் கையிலிருந்து உனக்கு வந்தாலும், வாங்கிக்கொள். பயப்படாதே. அவர்கள் எல்லோரும் நான் அனுப்பிய ஆட்கள். இதையே பல தாளில் எழுதி, உன் பக்கம் போகிற ஒவ்வொரு வண்டியிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கை வலிக்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

நான் கேபினில் இருக்கிறேன். மாற்று ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அவர் வராமல் நான் இறங்கினால் இந்த லைனில் வருகிற அத்தனை பேர் உயிரும் அந்தரத்தில் நிற்கும். இல்லையென்றால் நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

மதியம் கேபின் போனில் செய்தி வந்தது. உங்கள் யார்டு கேபின்காரர் அடுத்த கேபினுக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, ஒவ்வொரு கேபினாகத் தாண்டி என்னிடம் வந்தது. பழுது லைன்ல ஆள் அடிபட்டுட்டார், உயிர் இல்லை, பூட்டு திறந்திருந்தது, அவ்வளவுதான் தெரியும் என்றார்கள். பேர் தெரியவில்லை. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். திறந்து கிடந்த பூட்டில் என்ன நிறம் பூசியிருக்கிறது? கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு சரக்கு வண்டி வந்தது. லீவரை இழுத்தேன், கொடியைக் காட்டினேன், வண்டி போயிற்று. எப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு மணி அடித்தது. மஞ்சள் என்றார்கள்.

தம்பி, ஒரு நல்ல மனிதர் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா இல்லை. நான் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ரோஸ் இல்லை, ரோஸ் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். உன்னிடம் ஒளிக்க மாட்டேன், சந்தோஷம்தான் பட்டேன். அப்புறம்தான் சாவி யாரிடம் இருந்தது என்று நினைவு வந்தது.

மற்றதை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் காலையிலிருந்து பாட்டே இல்லையாம். சூடாக ஏதாவது குடிக்கலாமென்று டீக்கு மேலே வந்திருக்கிறார். நீ அவரைப் பார்த்திருக்கிறாய். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்துச் சிரித்தாராம். மேஸ்திரி அவசரப்படுத்தி, ஆள் வெளிய வந்துட்டாரா என்று கேட்டபோது, வந்துட்டார், என் கண்ணால பார்த்தேன் என்று நீ சொன்னாயாம். அவர் ஸ்பேனரை அடியில் விட்டுவிட்டதால் எடுக்கத் திரும்பிப் போனதை நீ பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. பூட்டு தொங்குகிறது என்ற நம்பிக்கையில் அவர் போயிருக்கிறார், நீ பூட்டைத் திறந்துவிட எஞ்சின் உள்ளே வந்திருக்கிறது.

முகத்தைப் பார் என்று எழுதியவள் நான். நீ பார்த்தாய். கையால் கழற்றட்டும் என்று முதலில் எழுதியதிலேயே நான் நின்றிருக்க வேண்டும். அம்மா அடித்த ஆணியைப் பார்த்து இறங்கி வந்துவிட்டேன். இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. முழுவதையும் நீ ஒருவனே தூக்கிக்கொண்டு நடக்காதே.

நடக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சாவியை மேஸ்திரி மேஜையில் வைத்துவிட்டு, ஷூவைக் கழற்றி அதன் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, லைனோடு நடந்து போய்விட்டாய் என்றார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். உங்க பக்கம்தாம்மா என்றார்கள். நம் வீட்டுப் பக்கம். அதை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவன் வீட்டுக்கே வர வேண்டும் தம்பி, நடுவில் வேறெங்கும் நின்றுவிடக் கூடாது.

எல்லாக் கேபினுக்கும் சொல்லிவிட்டேன். லைனில் ஒரு பிள்ளை நடந்து வருகிறான், என் தம்பி, ஊர்ந்து வாருங்கள் என்று ஒவ்வொரு டிரைவருக்கும் தாள் போயிருக்கிறது. விடாமல் ஊதிக்கொண்டு மெதுவாக ஒரு வண்டி வந்தால், அது உன்னைத் தேடித்தான் வருகிறது. அதற்கு முன்னால் நிற்காதே. பக்கவாட்டில் இறங்கி, லைனை விட்டு விலகி, புல்லில் உட்கார். வண்டி நிற்கும். கார்டு இறங்கி வருவார், கண்ணாடி கார்டாகவே இருந்தாலும் இருக்கலாம். தண்ணீர் கொடுப்பார், குடி. நான் வரும்வரை உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் ஒன்றும் கேட்க மாட்டார், கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வெறுங்காலோடு ஜல்லியில் நடந்திருப்பாய், காலெல்லாம் கிழிந்திருக்கும். நான் வந்து பார்க்கிறேன்.

இனிமேல் என்ன என்று கேட்பாய். விசாரணை வரும். பூட்டைத் திறந்தது நான்தான் என்று நீ சொல்ல வேண்டும், அதை மறைக்க நான் சொல்லித்தர மாட்டேன். ஆனால் அந்தச் சாவியைச் செய்தது யார், உன் இடுப்பில் கட்டியது யார், முதுகில் தட்டியது யார், உனக்கு முன்னால் அதைச் சுமந்தவர் ஏன் கடையைச் சாத்திக்கொண்டு போனார் என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். நீ இல்லாமல் போனால், எல்லாம் அந்தப் பையன் செய்தது என்று எழுதி முடித்துவிடுவார்கள். சாவி இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது. அடுத்து ஒரு புதுப் பையன் வருவான், அவனுக்கும் யாராவது முட்டை எடுத்து வைப்பார்கள்.

பாட்டுக்காரர் வீட்டுக்கும் போக வேண்டும். அவர் மனைவியின் முன்னால் நிற்க வேண்டும். தனியாகப் போகச் சொல்லவில்லை. நான் உன் பக்கத்தில் நிற்பேன். திட்டினால் இரண்டு பேரும் கேட்டுக்கொள்வோம், அடித்தால் இரண்டு பேரும் வாங்கிக்கொள்வோம்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். உன் படுக்கையைத் தட்டிப் போடுகிறாளாம். வாலு நகப்பூச்சைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன், மாமா வந்தால் போதும் என்கிறாள். குழந்தைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, எப்படித்தான் தெரிந்ததோ.

நாலு வார்த்தை எழுதச் சொன்னாயே, நான் பக்கம் பக்கமாக எழுதினேன். அத்தனையையும் மறந்துவிடு. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள். எவ்வளவு நேரமானாலும், எவ்வளவு தாங்க முடியாமல் போனாலும், மாற்று ஆள் வந்து வாங்கிக்கொள்ளாமல் யாரும் தன் இடத்தை விட்டுப் போகக் கூடாது. இந்த வேலையின் முதல் விதியும் அதுதான், கடைசி விதியும் அதுதான். படிக்கட்டில் சத்தம் கேட்கிறது, என் மாற்று ஆள் வந்துவிட்டார் போலிருக்கிறது. இதோ கிளம்பிவிட்டேன்.

உன்னுடைய மாற்று ஆள் நான். புல்லிலேயே உட்கார்ந்திரு. நான் வரும்வரை நகராதே.

உன் அக்கா